அப்பாவைக் கேதார்நாத்துக்கு அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், தினமும் அரை மணி நேரம் நடக்கிறார். அம்மாவுக்கு வயது 61, முழங்கால் வலியைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. வரும் மே மாதம் கேதார்நாத், பத்ரிநாத் இரண்டையும் தரிசிக்க வேண்டும் என்று இருவரும் ஆசைப்படுகிறார்கள். சுற்றுலா நிறுவனம் ஒன்று ஆறு நாள் திட்டம் கொடுத்திருக்கிறது. முதல் நாள் ஹரித்வார், இரண்டாம் நாள் குப்தகாசி, மூன்றாம் நாள் காலை ஹெலிகாப்டரில் கேதார்நாத் போய் இரவு அங்கேயே தங்கல், அதன் பிறகு பத்ரிநாத். நடக்கவே வேண்டியதில்லை என்பதால் பயமில்லை, கையோடு ஆக்சிஜன் கேனும் தருவோம் என்கிறார்கள். அப்பாவை அழைத்துப் போகலாமா? என்னென்ன மருந்துகள் எடுத்துக்கொள்ள வேண்டும்?

– ஒரு வாசகி, கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா கேதார்நாத் போகவே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. இதய மருத்துவர் பரிசோதித்து அனுமதி தந்தால் அவர் போய்வர வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த ஆறு நாள் திட்டத்தின்படி போகக் கூடாது என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். நடக்க வேண்டியதில்லை என்பதைத்தான் அந்த நிறுவனம் பாதுகாப்பு என்று காட்டுகிறது. உங்கள் அப்பாவைப் போன்றவருக்கு ஆபத்து நடையில் மட்டும் இல்லை. எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறார் என்பதில்தான் பெரும்பங்கு இருக்கிறது.

கேதார்நாத் கோயில் கடல்மட்டத்திலிருந்து 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடிச் சிகரம்கூட 2,695 மீட்டர்தான். அதாவது தமிழ்நாட்டில் எந்த மலைக்கு எத்தனை முறை போய்வந்திருந்தாலும், கேதார்நாத்தின் உயரத்தை உங்கள் அப்பாவின் உடல் ஒருமுறைகூடச் சந்தித்திருக்காது. பழனியில் படியேறினார், சதுரகிரிக்கு நடந்தார் என்பதெல்லாம் கால்களின் வலுவைக் காட்டுமே தவிர, இந்த உயரத்தில் அவருடைய நுரையீரலும் இதயமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லாது.

அங்கே காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. கரூரிலும் கேதார்நாத்திலும் அது 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது, ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உடல் இதைச் சமாளிக்க மூச்சை வேகப்படுத்தும், இதயத் துடிப்பைக் கூட்டும், சிறுநீர் வழியே உப்புகளின் சமநிலையை மாற்றிக்கொள்ளும். இந்த மாற்றங்களுக்கு நாட்கள் வேண்டும். அந்த அவகாசம் கிடைக்காமல் உயரத்தில் போய் இறங்குபவருக்கு ஏற்படுவதைத்தான் மலை நோய் என்கிறோம். அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் தலைவலி. கூடவே குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், அடித்துப்போட்டாற்போன்ற அசதி ஆகியவை வரும். இது உயரத்தில் போய் இறங்கியவுடன் வருவதில்லை. வழக்கமாக ஆறு மணி நேரம் கழித்தே தொடங்குகிறது. பகலில் உற்சாகமாகக் கோயிலைச் சுற்றிவந்தவர் முதல் நாள் இரவில்தான் படுத்துவிடுகிறார்.

இப்போது அந்தப் பயணத் திட்டத்தை மறுபடி பாருங்கள். குப்தகாசி சுமார் 1,320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவு தூங்கி எழுந்து, காலையில் சில நிமிடங்கள் பறந்து, 3,583 மீட்டரில் இறங்கி, அன்றிரவு அங்கேயே தூங்குவது என்றால், தூங்கும் உயரம் ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் கூடுகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது உயர்மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் வழிகாட்டுதல். யாத்திரைப் பாதையில் அதை முழுமையாகக் கடைப்பிடிப்பது நடைமுறையில் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு நேர்மாறாக ஒரு திட்டம் போடுவதும், அதை இதய நோயாளிக்கு ஏற்ற வசதி என்று சொல்லி விற்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஹெலிகாப்டர் கால்வலியைத் தவிர்க்கிறது. ஆனால் நடந்து போகும்போது உடலுக்குக் கிடைக்கும் கொஞ்சநஞ்ச அவகாசத்தையும் அது எடுத்துவிடுகிறது.

ஹெலிகாப்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கௌரிகுண்டிலிருந்து கோயிலுக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நடைப்பாதை, அதில் 1,600 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஸ்டென்ட் வைத்த 67 வயதுக்காரர் அந்தப் பாதையில் ஒரே நாளில் நடந்து ஏறுவதை நான் ஆதரிக்க மாட்டேன். குதிரையில் போவதும் ஓய்வு ஆகாது. மணிக்கணக்கில் குலுங்கியபடி, குளிரில், இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே அவருக்கு ஹெலிகாப்டர்தான் ஏற்றது. அதற்கு முன்னால் வரும் நாட்களை எப்படி அமைக்கிறோம், மேலே எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்ற இரண்டையும்தான் மாற்ற வேண்டும்.

முதல் மாற்றம், பத்ரிநாத்தை முன்னால் வையுங்கள். கேதாரத்தை முதலிலும் பத்ரியைப் பிறகும் தரிசிப்பதே யாத்திரையின் மரபு என்பதை நான் அறிவேன், அதை மாற்றச் சொல்வதில் எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் மருத்துவக் காரணம் வலுவானது. பத்ரிநாத் 3,100 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. கோயிலுக்கு அருகில் வரை வாகனம் போகும். தொந்தரவு வந்தால் அதே வாகனத்தில் இரவு நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் ஜோஷிமட் வரை, அதாவது ஆயிரம் மீட்டருக்கு மேல், கீழே இறங்கிவிடலாம். கேதார்நாத்தில் அந்த வசதி இல்லை. வானிலை கெட்டால் ஹெலிகாப்டர் வராது, சாலையும் கிடையாது. உங்கள் அப்பாவின் உடல் உயரத்தை எப்படித் தாங்குகிறது என்பதை, இறங்குவதற்கு வழி இருக்கும் இடத்தில் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

ரிஷிகேஷிலிருந்து புறப்பட்டு ருத்ரபிரயாகையிலோ பீப்பல்கோட்டியிலோ ஓர் இரவு, அடுத்து ஜோஷிமட்டில் ஓர் இரவு, பிறகு பத்ரிநாத்தில் ஓர் இரவு தங்குங்கள். அங்கே அவருக்குத் தலைவலியோ மூச்சுத் திணறலோ இல்லையென்றால், திரும்பி வரும்போது சமோலி, கோபேஷ்வர் வழியாகச் சோப்தாவுக்கு வந்து ஓர் இரவு தங்கலாம். அது 2,600 மீட்டருக்கு மேல் இருக்கும் அமைதியான இடம், சாலையோரத்திலேயே விடுதிகள் இருக்கின்றன. அங்கிருந்து ஊக்கிமட் வழியாகக் குப்தகாசிக்கு இறங்கி, மறுநாள் காலை முதல் நேரங்களில் ஹெலிகாப்டரில் கேதார்நாத் போகலாம். இதற்கு ஆறு நாட்கள் போதாது, பத்து நாட்களாவது வேண்டும். செலவு கூடும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு நான் எழுதித் தரக்கூடிய எந்த மாத்திரையையும்விட இந்த நான்கு கூடுதல் நாட்கள் அதிகப் பாதுகாப்புத் தரும்.

இரண்டாவது மாற்றம், கேதார்நாத்தில் அப்பா இரவு தங்க வேண்டாம். காலையில் போய், தரிசனம் முடித்து, அன்றே கீழே வந்துவிட வேண்டும். மலை நோய் பொதுவாகச் சில மணி நேரம் கழித்தே தொடங்குகிறது என்பதால், அதற்குள் இறங்கிவிடுபவருக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். மாலை ஆரத்தியும் விடியற்கால அபிஷேகமும் கிடைக்காமல் போகும் என்ற வருத்தம் அவருக்கு இருக்கும். எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் அன்றே இறங்கிவிடுவோம் என்று நம்பி வெறுங்கையோடு மேலே போய்விடாதீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் காலையில் தெளிவாக இருக்கும் வானம் பிற்பகலில் மூடிக்கொள்வது வழக்கம். மேகம் இறங்கிவிட்டால் சேவை நின்றுவிடும், மறுநாளும் நிற்கலாம். ஹெலிகாப்டரில் சில கிலோ சாமான்களுக்கே அனுமதி என்பதால் பலர் பெரிய பையைக் குப்தகாசி விடுதியில் விட்டுச்செல்கிறார்கள், மாத்திரைப் பெட்டியும் அந்தப் பையோடு கீழேயே தங்கிவிடுகிறது. கையில் கொண்டுபோகும் சிறிய பையில் முதலில் வைக்க வேண்டியது, எல்லா மாத்திரைகளும் மூன்று நாளைக்கு உரிய அளவு. அதற்குப் பிறகு குளுக்கோமீட்டர், கம்பளி உடை, மழை உடை, சாப்பிட ஏதாவது. அர்ச்சனைப் பொருட்களுக்கு மிச்ச இடம் போதும்.

வானிலையைப் பொறுத்தவரை இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2022 அக்டோபர் 18 அன்றும் 2025 ஜூன் 15 அன்றும் கேதார்நாத்திலிருந்து புறப்பட்ட ஹெலிகாப்டர்கள் விழுந்து, ஒவ்வொரு விபத்திலும் விமானியோடு சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள். பறக்க முடியாது என்று விமானியோ நிலைய அதிகாரியோ சொன்னால், தரிசன நேரம் போய்விடுமே என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. பயணச் சீட்டை அரசு அங்கீகரித்துள்ள ஐ.ஆர்.சி.டி.சி. ஹெலியாத்ரா தளத்தில் மட்டும் வாங்குங்கள். போலித் தளங்களில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் நிறைய. யாத்திரைக்கு முன்பதிவும் கட்டாயம். உத்தராகண்ட் அரசின் சுற்றுலாத் தளத்தில் அதைக் கட்டணமில்லாமல் செய்துகொள்ளலாம்.

மே மாதம் வேண்டாம் என்பதும் என் கருத்து. கோயில் அட்சய திருதியையை ஒட்டித் திறக்கிறது, தீபாவளிக்குப் பிறகு எம துவிதியை அன்று மூடப்படுகிறது. திறந்த முதல் சில வாரங்களில்தான் கூட்டம் அதிகம். ஈரக் கல்தரையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது, இதய நோயாளிக்கும் உணர்ச்சி மங்கிய சர்க்கரைக் கால்களுக்கும் ஆகாது. ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை பருவமழை, அப்போது போகவே வேண்டாம். 2013 ஜூன் 16, 17 தேதிகளில் பெருமழையில் கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைத்துக்கொண்டு வந்ததையும், ஆயிரக்கணக்கானோர் மாண்டதையும் எல்லோரும் அறிவோம். பழைய பாதையிலிருந்த ராம்பாடா என்ற ஊரே அடித்துச்செல்லப்பட்டது. 2024 ஜூலை 31 இரவிலும் மேகவெடிப்பால் நடைப்பாதை பல இடங்களில் அறுந்து, ஆயிரக்கணக்கானவர்களை மீட்டு இறக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையே உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற காலம். குளிர் கூடுதலாக இருக்கும், ஆனால் குளிரை உடையால் சமாளிக்கலாம். அப்பாவின் உடலைத் தயார்செய்யவும் இடையில் சில மாதங்கள் கிடைக்கும்.

அந்த மாதங்களில் முதலில் செய்ய வேண்டியது, ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையின் இதய மருத்துவரைப் பார்ப்பது. 'நன்றாக இருக்கிறார்' என்பது கரூரின் சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பதை வைத்துச் சொல்லப்படுவது. மேலே, உட்கார்ந்திருக்கும்போதே இதயம் இங்கே நடக்கும்போது செய்யும் வேலையைச் செய்ய வேண்டியிருக்கலாம். ஆகவே எக்கோ பரிசோதனையும் டிரெட்மில் பரிசோதனையும் செய்து, இதயத்தின் சுருங்கும் திறன் எவ்வளவு, உழைக்கும்போது ரத்த ஓட்டம் குறைவதற்கான அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'ஊருக்குப் போகிறோம், பரவாயில்லையா டாக்டர்?' என்று பொதுவாகக் கேட்காமல், '3,583 மீட்டர் உயரம், ஹெலிகாப்டரில் போய் அன்றே இறங்கப்போகிறோம்' என்று குறிப்பாகக் கேளுங்கள். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சில் பாரம், கழுத்துக்கோ இடது கைக்கோ பரவும் வலி, இரவில் படுத்தால் மூச்சுமுட்டல், காலில் வீக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். யாத்திரை நின்றுவிடுமோ என்று பயந்து பெரியவர்கள் இவற்றை வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை என்பதை என் அறையில் அடிக்கடி பார்க்கிறேன். அப்பாவோடு நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் பார்த்துவிட வேண்டும். ரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் மலையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

மருந்துகளுக்கு வருகிறேன். இப்போது சாப்பிடும் இதய மருந்துகள் எதையும், குறிப்பாக ஆஸ்பிரினையும் ஸ்டென்ட்டுக்காகக் கொடுக்கப்பட்ட மற்ற மருந்துகளையும், ஒரு வேளைகூட விடக் கூடாது. உயரத்தில் முதல் சில நாட்கள் ரத்த அழுத்தம் சற்றுக் கூடுவது இயல்பு. அதைப் பார்த்துப் பதறி மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், எந்த அளவைத் தாண்டினால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

மலை நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும், உயரத்துக்குப் போவதற்கு முந்தைய நாளிலிருந்து. இதை உறவினர் சொன்னார், நண்பர் சாப்பிட்டார் என்று கடையில் நேரடியாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகக் குறைபாடு இருந்தால் ஆகாது, சல்ஃபா மருந்துகளுக்குக் கடும் ஒவ்வாமை இருந்தவர்களுக்கு எச்சரிக்கை தேவை, சர்க்கரைக்கு அவர் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டால் உடலில் நீரிழப்பும் அமிலத்தன்மையும் கூடக்கூடும். நான் சொன்ன நிதானமான வழியில் போய் அன்றே இறங்குவதானால் இந்த மாத்திரை தேவைப்படாமலும் போகலாம். அதை அவரைப் பரிசோதித்த மருத்துவர் முடிவு செய்யட்டும். கொடுத்தால், ஊரிலேயே ஒருநாள் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது. விரல் நுனிகள் மரத்து ஊசி குத்துவதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். முன்பே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டார்.

சர்க்கரை விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது அது கூடுவதைப் பற்றியல்ல, திடீரெனக் குறைவதைப் பற்றித்தான். கிளிமிபிரைடு சாப்பிடுபவர், தரிசனம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று விரதம் இருந்து, குளிரில் வரிசையில் நின்றால், சர்க்கரை சரிந்துவிடும். அப்போது வரும் தலைச்சுற்றல், வியர்வை, நடுக்கம், குழப்பம் எல்லாம் பார்ப்பவருக்கு மலை நோய் போலவே தெரியும், இனிப்புக் கொடுக்க வேண்டிய நேரத்தில் ஆக்சிஜனைத் தேடி ஓடுவார்கள். ஆகவே அவர் விரதம் இருக்க வேண்டாம். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ கடலை மிட்டாயோ இருக்கட்டும். சந்தேகம் வந்தால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். குளுக்கோமீட்டரும் அதன் பட்டைகளும் கடுங்குளிரில் தவறான அளவைக் காட்டக்கூடும் என்பதால் அவற்றை வெளிப்பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் யாராவது உங்களோடு வந்தால் அவர்களுக்கும் இதே விதிதான். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது.

பத்ரிநாத்தில் தரிசனத்துக்கு முன் தப்தகுண்டம் என்ற வெந்நீர் ஊற்றில் குளிப்பது வழக்கம். வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர், உள்ளே கைவைக்கவே தயங்கும் சூடு. பன்னிரண்டு ஆண்டு சர்க்கரை நோயாளியின் பாதங்களில் உணர்ச்சி மங்கியிருந்தால், தோல் வெந்து கொப்புளம் எழுந்த பிறகும் அவருக்குத் தெரியாது. அதோடு, சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும்போது சட்டென்று எழுந்து குளிர்க்காற்றில் நின்றால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழவும் கூடும். உங்கள் அப்பா உள்ளே இறங்காமல், படியில் உட்கார்ந்து, நீங்கள் கையால் சூடு பார்த்து விளாவிய நீரைத் தோளில் ஊற்றிக்கொண்டால் போதும். இரவு படுக்கும் முன் அவருடைய இரண்டு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில், விரலிடுக்கு உட்பட, நீங்களே பாருங்கள். பாதம் குளிர்கிறது என்று கணப்பின் அருகே நீட்ட விடாதீர்கள். கணப்பு என்றதும் இன்னொன்று: விடுதி அறையிலோ கூடாரத்திலோ கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு, தலைவலி என்று எழுந்து சொல்வதற்குக்கூட அவகாசம் கொடுக்காமல் கொன்றுவிடும்.

ஆக்சிஜன் கேன் பற்றிக் கேட்டீர்கள். கையடக்கக் கேனில் இருப்பது சில நிமிடங்களுக்கான ஆக்சிஜன். அதை முகர்ந்தால் சற்று நேரம் தெம்பாக இருக்கும், அந்தத் தெம்பே ஆபத்து. 'சரியாகிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்ப்போம்' என்று இறங்க வேண்டிய நேரத்தை அது தள்ளிப்போட வைக்கும். கற்பூரத்தைத் துணியில் கட்டி முகர்வதும் நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. அதன் காரமான வாசனையால் மூக்கு திறந்ததுபோல் தோன்றுமே ஒழிய, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கொண்டுபோகலாம், ஆனால் அதன் எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கோவிட் காலத்தில் 94-க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று பழகியிருக்கிறோம். கேதார்நாத்தில் நலமாக இருப்பவருக்கே 80-களின் பிற்பகுதியில் காட்டுவது சாதாரணம், குளிரில் விரல் விறைத்திருந்தால் இன்னும் குறைவாகவும் காட்டும். எண்ணை மட்டும் பார்க்காமல் ஆளைப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். லேசான தலைவலி மட்டும் என்றால், ஓய்வும் நீரும் பாராசிட்டமாலும் போதும், ஆனால் அது தீரும்வரை மேலும் உயரத்துக்குப் போகக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரைத்த அல்லது இளஞ்சிவப்பான சளி, உதடு நீலம் பாய்வது ஆகியவை நுரையீரலில் நீர் சேர்வதன் அடையாளங்கள். பேச்சில் குழறல், யாரையும் கண்டுகொள்ளாத மந்தம், தள்ளாட்டம் என்றால் மூளை வீங்கத் தொடங்குகிறது. சந்தேகமாக இருந்தால் தரையில் ஒரு நேர்க்கோட்டில், ஒரு பாதத்தின் குதிகால் மற்றொரு பாதத்தின் பெருவிரலைத் தொடும்படி, பத்து அடி வைக்கச் சொல்லுங்கள். ஊரில் தடுமாறாமல் அப்படி நடந்தவர் அங்கே தடுமாறினால், வேறு எந்தச் சோதனைக்கும் காத்திருக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் கிளம்பும் முன்பே வீட்டில் ஒருமுறை அம்மாவையும் அப்பாவையும் இப்படி நடக்க வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு நிலைகளுக்கும் முதல் சிகிச்சை உடனே கீழே இறங்குவதுதான். பாதையிலும் கோயிலருகிலும் அரசின் மருத்துவ உதவி மையங்கள் இருக்கின்றன. அங்கே ஆக்சிஜனும் மருந்தும் தருவார்கள், அவை இறங்கும்வரை உயிரைத் தாங்கிப்பிடிப்பதற்கானவை. அவசர எண்கள் 108, 112.

அம்மாவைப் பற்றிச் சொல்லச் சிறிதளவே இருக்கிறது. அவரும் ஹெலிகாப்டரிலேயே போய்வரட்டும். ஹெலிகாப்டர் கிடைக்காமல் இறங்கி நடக்க நேர்ந்தால், முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே அதிகச் சிரமம் என்பதால், டண்டி என்னும் நால்வர் சுமக்கும் பல்லக்கை அமர்த்திக்கொள்ளுங்கள். பாதையில் குதிரைகள் எதிர்ப்படும்போது பள்ளத்தாக்குப் பக்கம் ஒதுங்காமல் மலைச்சரிவுப் பக்கமே ஒதுங்கி நிற்க வேண்டும். மலைப் பக்கம் நின்றால், குதிரை இடித்துத் தள்ளினாலும் பள்ளத்தில் விழ மாட்டீர்கள்.

கிளம்பும் முன் நீங்கள் மூவரும் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். திரும்பலாம் என்று யார் சொன்னால் திரும்புவது? மேலே போன பிறகு இதைப் பேச முடியாது. கோயில் கண்ணில் படும் தூரத்தில் வந்துவிட்ட எந்தத் தகப்பனும் 'போதும்' என்று தானாகச் சொல்ல மாட்டார், பெற்ற பிள்ளையும் அவரைத் தடுக்கத் துணிய மாட்டாள். ஆகவே அந்தப் பொறுப்பு உங்களுடையது என்றும், நீங்கள் சொன்னால் அப்பா மறுபேச்சு பேசாமல் இறங்குவார் என்றும் இங்கேயே அவர் வாயால் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெட்மில் பரிசோதனையில் குறை தெரிந்து, போக வேண்டாம் என்று இதய மருத்துவர் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவரிடம் போய்ச் சாதகமான பதில் தேடாதீர்கள். திருஞானசம்பந்தர் திருக்கேதாரத்தை நேரில் போய்ப் பாடவில்லை, திருக்காளத்தியில் இருந்தபடியே அந்தத் தலத்தை நினைந்து பாடினார் என்பது சைவ மரபு. மனம் உடைந்து போகும் அப்பாவிடம் இதை எடுத்துச் சொல்லலாம். காளத்திக்கு அவரை நீங்கள் எந்த மாதத்திலும் காரிலேயே அழைத்துப் போகலாம். பரிசோதனை நன்றாக வந்தால், சுற்றுலா நிறுவனத்திடம் பத்து நாள், பத்ரிநாத் முதலில், கேதார்நாத்தில் இரவுத் தங்கல் இல்லை, வானிலைக்காகக் குப்தகாசியில் ஒரு நாள் உபரி என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் நிறுவனத்தை மாற்றுங்கள். இன்றிலிருந்தே அப்பாவின் அரை மணி நேர நடையை வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவரத் தொடங்கலாம். நடக்கையில் நெஞ்சில் ஏதாவது உறுத்தினால், அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.